ஹோயாத் துண்டுகள் அழுகுவது பற்றி

வணக்கம். உவர்மலையிலிருந்து எழுதிய தாங்கள், தண்ணீரில் வைத்த ஹோயா (மெழுகுப்பூக் கொடி)த் துண்டுகள் அடி கறுத்து அழுகிவிட்டன என்றும், இதய வடிவ ஒற்றை இலை மட்டும் வேர்விட்டு ஓராண்டாக அப்படியே நிற்கிறது என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த இலைக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. கணுவின் ஒரு பகுதி ஒட்டியிராத ஹோயா கெரி (இதய வடிவ இலையுள்ள ஹோயா வகை) இலை வேர்விடுமேயன்றித் தளிர்விடாது. அழகுக்கு வைத்திருக்கலாம்.

துண்டுகளைப் பொறுத்தவரை, வெட்டிய கையோடு தண்ணீரில் இட்டதும், கச்சான் காற்றின் வெக்கையில் அந்தத் தண்ணீரை மாற்றாமல் விட்டதுமே காரணம் என நினைக்கிறேன். அடுத்த முறை, இரண்டு மூன்று கணுக்களுள்ள, மிக இளசாகவும் மிக முற்றலாகவும் இல்லாத கொடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, வடியும் பாலைக் கழுவித் துடைத்து, நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, கீழ்க்கணு புதையுமாறு நடுங்கள். தும்புத்தூளும் உடைத்த சிரட்டைக்கரியும் சரிபாதியாகக் கலந்தால் போதுமானது, தோட்டமண் வேண்டாம். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிக்கொள்ளுங்கள்; கிணற்றுநீர் உவராக இருந்தால் மழைநீரே சிறந்தது. காற்றுப்படாத, நேர்வெயில் விழாத வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் 3 முதல் 6 வாரங்களில் வேர் பிடிக்கும். தாய்க்கொடியில் பூ உதிர்ந்த காம்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள்; அதிலேதான் மறுபடியும் பூக்கும்.