பல் முளைக்கும் பிள்ளைக்கு ஈறில் என்ன தடவலாம்?

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகளுக்கு எட்டு மாதம். மூன்று வாரமாக ஒரே ஜொள்ளு, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அழ ஆரம்பித்தால் நாலு மணி வரைக்கும் நானும் அவரும் மாறி மாறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறோம். தஞ்சாவூரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். ஈறில் தேன் தடவு, வசம்பு உரசிக் கொடு என்கிறார், கையில் வசம்புக் காப்பும் கட்டிவிட்டார். என் கணவர் ஜொகூருக்குப் போனபோது ஈறில் தடவும் ஜெல் ஒன்று வாங்கி வந்தார். குழந்தைப் பராமரிப்பு நிலையத்து ஆசிரியை எதையுமே தடவாதீர்கள் என்கிறார். போன வாரம் உடம்பு கொஞ்சம் சுட்டது, 37.6 டிகிரி செல்சியஸ் காட்டியது. நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: ஆசிரியை பேச்சைக் கேளுங்கள் தங்கச்சி. மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் இருக்கிறவருக்கு யார் எதைச் சொன்னாலும் செய்து பார்க்கத்தான் தோன்றும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் தேன் வேண்டாம். ஒரு வயது முடியாத பிள்ளைக்கு விரல் நுனியில் தொட்டுத் தடவுகிற அளவுகூட வேண்டாம். தேனில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அவை ஒன்றும் செய்வதில்லை, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடும். முதலில் மலம் கட்டும், அப்புறம் பால் உறிஞ்சத் தெம்பிருக்காது, அழுகைச் சத்தம் மெலியும், கழுத்து தளரும், முற்றினால் மூச்சு விடுகிற தசைகளும் ஓய்ந்துவிடும். 2018இல் அமெரிக்காவின் டெக்சஸில் நான்கு கைக்குழந்தைகளுக்கு இது வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். நால்வருமே தேன் நிரப்பிய ரப்பர் காம்பைச் சப்பியவர்கள். சுத்தமான மலைத்தேன், காய்ச்சித்தான் கொடுக்கிறோம் என்பார்கள், கேட்காதீர்கள். வீட்டு அடுப்பில் காய்ச்சுகிற சூட்டுக்கு அந்த வித்துகள் சாகாது.

வசம்பு விஷயத்தில் மாமியாரின் மனசு நோகக்கூடாது என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. நம் தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், அவர் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார் என்றால் அவ்வளவு பாசம். ஆனால் வசம்பில் அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அது உடம்புக்குக் கேடு என்று அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். உரசிக் கொடுக்கும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கும் ஒரு கணக்கு கிடையாது.

காப்பைப் பற்றி எனக்கு அதைவிடக் கவலை. பல் முளைக்கிற பிள்ளைக்குக் கையும் வாயும் ஒன்றுதான், கையில் கட்டியது நாள் முழுக்க வாயில்தான் ஊறும். ஊற ஊற வசம்பு மெத்தென்று ஆகி ஒரு துண்டு உடையலாம், நூல் இற்றுப்போய் மணி கழன்று தொண்டைக்குள் போகலாம். மணியே விஷமாக இருந்த கதையும் உண்டு. 2016இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது, வீட்டில் சுவர் சாயம் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பல்வலிக்கென்று போட்ட காப்பின் சின்ன உலோக மணியில் ஈயத்தைக் கண்டுபிடித்தார்கள். கழுத்தில் போடும் ஆம்பர் மணிமாலையும் இதே ரகம், தூக்கத்தில் கழுத்தை இறுக்கி ஒரு பிள்ளையே போயிருக்கிறது. அதனால் காப்பைக் கழற்றி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடலாமா அத்தை என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

ஜெல் பெட்டியைத் திருப்பி மருந்தின் பெயரைப் பாருங்கள். பென்சோகெயின் என்று இருந்தால் உடனே குப்பையில் போடுங்கள். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற சக்தியையே அது குறைத்துவிடலாம், பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. லிக்னோகெயின், லிடோகெயின் என்று போட்டிருந்தாலும் வேண்டாம், அளவு கூடினால் வலிப்பு வரும், இதயத்தைப் பாதிக்கும். கோலின் சாலிசிலேட் என்றால் அது ஆஸ்பிரின் குடும்பம், பதினாறு வயது வரைக்குமே ஆகாது என்று பிரிட்டனில் 2009இல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் ஜெல் ஈறில் நிற்காது, ஊறுகிற ஜொள்ளில் கரைந்து ஐந்து நிமிஷத்தில் வயிற்றுக்குள் போய்விடும். கிராம்புத் தைலம், ஈறில் ஒரு சொட்டு பிராந்தி, இதையெல்லாமும் வீட்டில் யாராவது சொல்வார்கள். கிராம்புத் தைலம் சின்னப் பிள்ளையின் கல்லீரலைக் கெடுக்கும். பிராந்தியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

பழைய காலத்தில் இங்கிலாந்தில் பல் முளைக்கும் பிள்ளைகளுக்கென்றே ஒரு பொடி விற்றார்கள், அதில் இருந்தது பாதரச உப்பு. கை கால் சிவந்து வீங்கி, வெளிச்சம் பார்க்க முடியாமல், வலியில் சாப்பாடே இறங்காமல் எத்தனையோ பிள்ளைகள் அவதிப்பட்டன. இறந்தும் போயின. அதற்கு இளஞ்சிவப்பு நோய் என்று பெயர் வைத்து, என்ன காரணம் என்று தெரியாமல் பல வருஷம் தேடினார்கள். 1954இல் பொடியிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள், நோயும் மெல்ல மறைந்தே போய்விட்டது. பல் தானாக வந்துவிடும் தங்கச்சி. அதற்காக நாம் தடவுகிறதும், பல் என்று நினைத்து நாம் கவனிக்காமல் விடுகிறதும்தான் பிள்ளைக்கு ஆபத்து. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, என்ன செய்யலாம்? பருத்தித் துணி ஒன்றை எடுங்கள், நல்ல வெள்ளைக் கைக்குட்டை போதும். ஒரு முனையை மட்டும் ஆறவைத்த கொதிநீரில் நனைத்துப் பிழிந்து, இறுக்கமாகச் சுருட்டி, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருபது நிமிஷம் வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம், கல் மாதிரி உறைந்தது ஈறைப் புண்ணாக்கும். காய்ந்த முனையைப் பிள்ளை கையில் கொடுத்தால் குளிர்ந்த முனையை அது தானாகவே வாய்க்குக் கொண்டுபோகும், கீழ் ஈறில் வைத்து நறநறவென்று மென்றுகொண்டே ஒரு கட்டத்தில் முகம் லேசாகி உங்களைப் பார்க்கும் பாருங்கள், எந்த ஜெல்லும் அதைத் தராது. இப்படி நாலைந்து துணி சுழற்சியில் இருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் துவைத்துத்தான் அடுத்தது.

இன்னொன்று விரல். இந்த வேலையை உங்கள் மாமியாருக்கே கொடுங்கள். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஆள்காட்டி விரலின் சதைப் பகுதியால் ஈறின் மேல் கொஞ்சம் அழுத்தி முன்னும் பின்னுமாக ஒரு இரண்டு நிமிஷம் தேய்க்க வேண்டும். பிள்ளை வளர்த்த கைக்கு எவ்வளவு அழுத்தம் என்று சொல்லித் தரத் தேவையில்லை. கடிக்கிற பொம்மை வாங்கினால் ஒரே துண்டாக வார்த்த ரப்பரோ சிலிக்கோனோ வாங்குங்கள், உள்ளே தண்ணீர் அடைத்தது ஓட்டையாகிவிடும். எட்டு மாதம் என்பதால் குளிர்ந்த தயிரோ மசித்த பேரிக்காயோ ஊட்டலாம். கேரட், வெள்ளரிக்காய்த் துண்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகாதீர்கள், ஈறாலேயே ஒரு துண்டைக் கடித்து எடுத்துவிடும். ஜொள்ளு வழிந்து தாடையும் கழுத்தும் சிவக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் மோசம். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தூங்குமுன் மெல்லியதாக வாஸ்லின் தடவுங்கள்.

இப்போது அந்த மூன்று வாரம். ஒரு பல் வெளியே வருவதற்கு முன்னால் நாலு நாள், வந்த பிறகு மூன்று நாள், அந்த அளவுக்குத்தான் பல்லின் தொந்தரவு இருக்கும். மூன்று வாரமும் ராத்திரி அழுகைக்குப் பல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. எட்டு மாதத்தில் அம்மா கண்ணில் படாவிட்டால் பயப்படுகிற பருவமும் சேர்ந்து வரும், பகலெல்லாம் பராமரிப்பு நிலையத்தில் இருந்துவிட்டு ராத்திரி உங்களைத் தேடுகிறாளாக இருக்கும். தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போக மாட்டாள்.

37.6 பல்லால் இருக்கலாம். 38ஐத் தொட்டால் அது பல் இல்லை. வயிற்றுப்போக்கும் அப்படித்தான், பல் முளைத்தால் பேதியாகும் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வது தவறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைவதும், எல்லாவற்றையும் வாயில் போடுவதும் இதே ஆறாம் மாதத்தை ஒட்டித்தான் தொடங்குகின்றன, அதனால் பழி பல்லின் மேல் விழுகிறது.

இதில் நானே தவறியிருக்கிறேன். 2000இல் இங்கே கைக்கால் வாய்ப்புண் நோய் பரவிப் பாலர் பள்ளிகளையெல்லாம் மூடினார்கள், பலருக்கு நினைவிருக்கும். என் மகனுக்கு அப்போது பத்து மாதம். நான் தாதி வேலையில் இருந்தவள். பால் குடிக்க மாட்டேன் என்கிறான், ஜொள்ளு ஊற்றுகிறது, ஈறைத் தொட்டால் அலறுகிறான், மேல் பல் வருகிறது என்று முடிவு கட்டி இரண்டு நாள் ஈறைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் குளிப்பாட்டிக் காலைத் துடைக்கும்போது உள்ளங்காலில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கொப்புளம். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால் அண்ணத்தில் ஐந்தாறு புண். ஒரு வாரத்தில் தேறிவிட்டான். ஆனால் அந்த இரண்டு நாளும் அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒரே பாயில் விளையாட விட்டிருந்தேன், அதற்கும் வந்தது. இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் பல்தான் என்று சொல்லுமுன் டார்ச் எடுத்து அண்ணம், உள்ளங்கை, உள்ளங்கால், புட்டம் எல்லாம் பாருங்கள். 38க்கு மேல் காய்ச்சல், கொப்புளம், திரும்பத் திரும்பப் பேதி, பால் குடிக்காமல் டயப்பர் காய்ந்தே இருப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி என்றால் கேகே மருத்துவமனையின் சிறுவர் அவசர சிகிச்சைப் பிரிவு 24 மணி நேரமும் இருக்கிறது. வலிப்போ மூச்சுத் திணறலோ என்றால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு 38 காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எதற்கும் அடங்காத ராத்திரியில் பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. போத்தலைப் படியுங்கள்: ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. எட்டு கிலோ பிள்ளைக்கு முதல் போத்தல் என்றால் ஐந்து மில்லி சரி, அதற்குப் பதிலாக இரண்டாவதிலிருந்து அதே ஐந்து மில்லி ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அக்கா அண்ணனுக்கு வாங்கிய போத்தலிலிருந்து ஊற்றாதீர்கள், சந்தேகம் இருந்தால் மருந்தாளரிடம் எடையைச் சொல்லிக் கேளுங்கள். ஐபுப்ரோஃபென் என்ற காய்ச்சல், வலி மருந்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், டெங்கியாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும்.

கேள்வி: என் பையனுக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. பால் குடிக்கும்போது கடிக்கிறான், ரத்தமே வந்தது. நிறுத்திவிடட்டுமா?
– ஒரு தாய், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நிறுத்தாதீர்கள். ஒழுங்காக உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப் பல்லை மூடியிருக்கும், கடிக்க முடியாது. பால் குறைந்து விளையாட ஆரம்பிக்கும்போதுதான் கடிப்பான், விழுங்குவது நின்றதும் எடுத்துவிடுங்கள். கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்து விடுவியுங்கள். பால் கொடுக்குமுன் மேலே சொன்ன குளிர்ந்த துணியை ஐந்து நிமிஷம் கடிக்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கேள்வி: பேத்திக்கு வருகிற வாரம் ஒரு வயது, இன்னும் ஒரு பல்லும் இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்து வழி, முதல் பல் வந்ததும் பிள்ளையின் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிற சடங்குக்கு எல்லோரும் காத்திருக்கிறோம். கால்சியம் குறைவா?
– ஒரு அம்மம்மா, பீஷான்

பதில்: கால்சியம் எதுவும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள் அம்மா. ஆறு மாதத்தில் வருவது பொதுக் கணக்கு, நாலு மாதத்தில் வந்த பிள்ளையும் உண்டு, ஒரு வயது தாண்டி வந்த பிள்ளையும் உண்டு. உங்கள் மகளுக்கோ மருமகனுக்கோ எப்போது வந்தது என்று நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த வழிதான். ஒன்றரை வயதாகியும் வராவிட்டால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். எப்படியும் மூன்று வயதுக்குள் இருபது பாற்பல்லும் வந்துவிடும். முதல் பல் தெரிந்த அன்றே துலக்கத் தொடங்குங்கள், பற்பசை ஒரு அரிசி மணி அளவு போதும். கொழுக்கட்டையை நன்றாக ஆறவிட்டுத் தலையில் கொட்டுங்கள். பல் மாதிரி குத்தி வைக்கிற தேங்காய்த் துண்டுகள் பாயில் சிதறும், முன்னால் பரப்பி வைத்த பொருள்களில் பேத்தி பேனாவை எடுக்கிறாளா கண்ணாடியை எடுக்கிறாளா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிவிடட்டும்.