கடலாடி பதில்கள்: மாநாட்டு ஹாலும் நம்ம கரையும்

போன இதழ்ல உலக அளவுல நடக்குற கடல் மாநாடுகள பத்தி எது வேணும்னாலும் கேளுங்கன்னு சும்மா ஒரு வரி போட்டேன், பாம்பன்ல இருந்து தொண்டி வரைக்கும் கேள்வியா வந்து குவிஞ்சுருச்சு. பாதி வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டு. ஒண்ணுல இஞ்சின் சத்தம்தான் கேக்குது, கேள்விய காணோம், அவரு மட்டும் மன்னிக்கணும், மறுபடி அனுப்புங்க.

கேள்வி (விசைப்படகு வச்சிருக்கிற ஒரு அண்ணன், தங்கச்சிமடம்): பேப்பர திறந்தா கடல் மாநாடு, பருவநிலை மாநாடுன்னு வருது. எங்கயோ வெளிநாட்டுல ஏசி ஹால்ல பேசிட்டு ஃபோட்டோ எடுத்துட்டு கலைஞ்சுபோயிடுறாங்க. இதுனால என் வலையில ஒரு மீனாவது கூட விழுமா?

விழாதுண்ணே. ஆனா எங்கயோன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் நான் உங்கள மறிக்கணும். பவளப்பாறைக்குன்னு உலகத்துல நாலு வருஷத்துக்கு ஒருக்கா நடக்குற பெரிய மாநாடு ஒண்ணு இருக்கு, மியாமி, மணிலா, டஹிதி, பாலி, ஒகினாவா, ஹொனலுலுன்னு ஊர் ஊரா போயிட்டு இருக்கு, 2026க்கு நியூசிலாந்து ஆக்லாந்து. இதுல முதல் மாநாடு எங்க நடந்துச்சு தெரியுமா? மண்டபம் கேம்ப்ல. 1969 ஜனவரி. நீங்க ராமநாதபுரம் போற பஸ்ல ஜன்னல் வழியா பாத்துட்டே போறீங்களே, அதே மண்டபம்தான். சிலோன் தோட்டத்துக்கு போற ஆளுங்கள தங்கவச்சு நோய் இருக்கான்னு சோதிச்சு அனுப்புன காலத்து பேரு அந்த கேம்ப்ங்கிறது, பின்னாடி கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அங்கதான் வேர் பிடிச்சுச்சு, தலைமையிடமே கொச்சிக்கு போற வரைக்கும் மண்டபம்தான். 1958ல ஆரம்பிச்ச இந்திய கடல் உயிரியல் சங்கம் நடத்துன கருத்தரங்கு அது. நாலு வருஷம் கழிச்சு 1973ல ரெண்டாவது மாநாட்ட ஆஸ்திரேலியாவுல மார்கோ போலோங்கிற கப்பல்லயே வச்சு, பெரிய பவளத்திட்ட ஓரமா போய்க்கிட்டே நடத்துனாங்க. அப்படி ஒரு கூட்டத்துக்கு தொடக்கம் நம்ம ஊரு, இத சொல்லி ஒரு போர்டு வச்சிருக்கான்னு கேட்டா நான் பாத்ததில்ல.

பெருமை போதும், இப்ப வயித்தெரிச்சலுக்கு வரேன். ஹாலுக்குள்ள பவளப்பாறைய பத்தி கட்டுரை வாசிச்ச அந்த காலத்துலதான் வெளிய தென்கடல் (மன்னார் வளைகுடா) பார்ல, அதாவது தண்ணிக்கடியில இருக்கிற பவளப்பாறையில இருந்து வள்ளம் வள்ளமா கல்ல பேத்து சுண்ணாம்புக்கும் ஃபேக்டரிக்கும் ஏத்துனாங்க. மன்னார் வளைகுடா தீவுன்னா 21ன்னு ஸ்கூல் பசங்க ஒப்பிப்பாங்க, அதுல கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடி பக்கம் விலாங்குசல்லி ரெண்டும் தண்ணிக்குள்ள போயிருச்சு, காரணம் பெரும்பாலும் அந்த கல் எடுத்ததுதான். பார் இருந்தா அலை அதுல மோதி செத்துப்போய் கரைக்கு வரும், பார பேத்துட்டா அலைக்கு தீவே நேர். பவளம் வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணைக்கு, அதாவது தொடவே கூடாதுங்கிற பட்டியலுக்கு வந்ததே 2001லதான். 1969ல இருந்து எண்ணிப்பாருங்க, 32 வருஷம். ஹால்ல பேசுனது கரைக்கு வந்து சேர அவ்ளோ நாளு ஆச்சு. மாநாடு வீண்னு நான் சொல்லமாட்டேன், ரொம்ப மெதுவுன்னு சொல்வேன்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி, ஏர்வாடி): புயலுக்கு பேரு யாரு வைக்கிறாங்க? தமிழ்ப் பேரு ஏன் வைக்கல?

வச்சிருக்காங்க பாப்பா. இந்தியா குடுத்த பட்டியல்ல முரசு இருக்கு, நீர் இருக்கு. இதுவும் மாநாட்டு சமாச்சாரம்தான். உலக வானிலை அமைப்பும் ஐநாவோட ஆசிய பசிபிக் ஆணையமும் சேந்து 1972ல வங்கக்கடல், அரபிக்கடல் நாடுகளுக்குன்னு ஒரு குழு போட்டாங்க. 2000ல ஓமன்ல மஸ்கட்ல கூடுனப்பதான் நம்ம பக்கத்து புயலுக்கும் பேரு வைக்கலாம்னு முடிவாச்சு, 2004ல முதல் பேரு ஓனில், பங்களாதேஷ் குடுத்தது. இப்ப 13 நாடு, ஆளுக்கு 13 பேரு, மொத்தம் 169. பேரு எட்டு எழுத்துக்குள்ள இருக்கணும் (இங்கிலீஷ் எழுத்து), யார் மனசையும் புண்படுத்தக்கூடாது, வாய்க்கு சுலபமா வரணும். காத்து மணிக்கு 62 கிலோமீட்டர தொட்டா டெல்லி வானிலை மையம் வரிசையில அடுத்து நிக்கிற பேர எடுத்து வைக்கும், ஒரு தடவ வச்ச பேரு திரும்ப வராது. 2020 டிசம்பர்ல இலங்கைய தாண்டி வந்து நம்ம மன்னார் வளைகுடாவுலயே உக்காந்துக்கிட்டு மழையா கொட்டுச்சே புரெவி, அது மாலத்தீவு வச்சது. டித்வா ஏமன் வச்சது, சொகோத்ரா தீவுல இருக்கிற ஒரு காயலோட பேரு. மூணாவது வரிசையில (ஒரு வரிசைக்கு நாட்டுக்கு ஒரு பேரு) ரெண்டாவதா நிக்கிறது நம்ம முரசு. வராம இருந்தா நல்லதுதான், ஆனா வந்தா டிவிக்காரங்களுக்கு கொண்டாட்டமா இருக்கும்.

பேரு வைக்கிறது விளையாட்டு மாதிரி தெரியும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிய அழிச்ச புயலுக்கு பேரே கிடையாது தாயி. அதுவும் சிலோன்ல வவுனியா பக்கம் கரைய கடந்துட்டுதான் இங்க வந்துச்சு. பாம்பன்ல இருந்து கிளம்புன பாசஞ்சர் ரயில அலை அடிச்சதுல நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. அந்தப் பக்கத்து நாடும் இந்தப் பக்கத்து நாடும் ஒரே மேசையில உக்காந்து காத்து எங்க நிக்குதுன்னு பேசிக்கிறதுக்கு அப்ப இப்படி ஒரு குழுவே இல்ல.

கேள்வி (டீக்கடை வச்சிருக்கவர், பாம்பன்): அடிக்கடி கடல் உள்வாங்குது, படகெல்லாம் தரை தட்டி நிக்குது. உடனே டூரிஸ்ட் எல்லாம் சுனாமின்னு ஓடுறாங்க, என் யாவாரம் கெடுது. நிஜமா பயப்படணுமா?

வடகடல் (பாக் விரிகுடா) ஒரு தாம்பாளம் மாதிரிண்ணே, பெரிய பரப்பு, ஆனா ஆழம் ரொம்ப இடத்துல பத்து பன்னெண்டு மீட்டருக்குள்ளதான். அமாவாசை பௌர்ணமி வத்தமும், தண்ணிய கரைய விட்டு வெளிய தள்ளுற காத்தும் ஒண்ணா சேந்தா ஓரத்துல பாசியும் சிப்பியும் வெளிய தெரியுற அளவுக்கு வத்தும். இது மணிக்கணக்குல மெதுவா நடக்கும், அதே மாதிரி மெதுவா ஏறும். சுனாமிக்கு முன்னாடி வாங்குறது வேற கதை, நிமிஷ கணக்குல சட்டுன்னு தண்ணி ஓடும், கண்ணு முன்னாடியே தரை தெரியும். அப்படி பாத்தாலோ, கால் நிக்காத அளவுக்கு நில அதிர்வு வந்தாலோ கல்லாவ கூட பூட்டாம மேட்டுக்கு ஓடிடுங்க, மெசேஜ் வரட்டும்னு நிக்காதீங்க.

மெசேஜுன்னதும் இதையும் சொல்லிடுறேன். பசிபிக் கடலுக்கு 1965லயே சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு வந்துருச்சு. இந்தியப் பெருங்கடலுக்கு இல்ல, இங்கல்லாம் அபூர்வம்தானேன்னு விட்டுட்டாங்க. 2004 டிசம்பர் 26 காலையில ஆறரை மணிக்கு சுமத்ரால ஆடுச்சு, தமிழ்நாட்டு கரைக்கு அலை வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அந்த ரெண்டு மணி நேரமும் ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. நம்ம ஜில்லாவுக்கு இலங்கை குறுக்க நின்னு காப்பாத்துச்சு, நாகப்பட்டினத்துக்கு யாரும் குறுக்க நிக்கல. அதுக்கப்புறம் 2005 ஜனவரியில ஜப்பான் கோபேல பேரிடர் மாநாடு, ஜூன்ல பாரிஸ்ல யுனெஸ்கோவோட கடலியல் ஆணையம் கூடி இந்தியப் பெருங்கடலுக்குன்னு குழு அமைச்சது, 2007 அக்டோபர்ல ஹைதராபாத்ல இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் சேவை நிலையத்துல எச்சரிக்கை மையம். ரெண்டே முக்கால் வருஷம். பவளத்துக்கு 32 வருஷம்னு மேல சொன்னேன்ல, வித்தியாசம் எங்க இருக்குன்னு நீங்களே யோசிங்க, செத்தது மனுஷங்க.

கேள்வி (சாயல்குடி வாசகர்): காஞ்சிரங்குளத்துல ராம்சார்னு போர்டு வச்சிருக்காங்க. ராமர் சார்பா எதுவும் கோயில் கட்டப்போறாங்களா?

இல்லைங்க. ராம்சார்ங்கிறது ஈரான்ல காஸ்பியன் கடலோரம் இருக்கிற ஒரு ஊரு, 1971 பிப்ரவரி 2ல அங்க கூடி ஈரநிலங்கள காப்பாத்த ஒப்பந்தம் போட்டாங்க. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மன்னார் வளைகுடா எல்லாம் அந்த பட்டியல்ல இருக்கு. போர்டுல ரெண்டு வரி விளக்கம் எழுதியிருந்தா உங்களுக்கு ஒரு கேள்வி மிச்சம்.

கேள்வி (கடல் உயிரியல் படிக்கிற தம்பி, ராமநாதபுரம்): துபாய்ல நடக்குற இன்டர்நேஷனல் கடல் அறிவியல் மாநாட்டுல பேச என்னைய கூப்ட்டு மெயில் வந்திருக்கு, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் கட்டணுமாம். அப்பா நகைய வைக்கவான்னு கேக்குறாரு.

வைக்கவேண்டாம்னு சொல்லு, இன்னைக்கே சொல்லு. நீ ஆராய்ச்சி சுருக்கமே அனுப்பாம உன்னைய சிறப்பு பேச்சாளர்னு கூப்டறாங்கன்னா அது மாநாடு இல்ல தம்பி, வசூல். நிஜ மாநாட்டுக்கு மாசக்கணக்குல முன்னாடியே நீதான் சுருக்கம் அனுப்பணும், அத ஆளுங்க படிச்சு பாப்பாங்க, திருப்பியும் அனுப்புவாங்க. ராத்திரி அனுப்புனா காலையில ஏத்துக்கிட்டோம்னு பதில் வந்தா சந்தேகப்படு. கடல், விண்வெளி, நர்சிங், மேனேஜ்மென்ட் எல்லாம் ஒரே ஹோட்டல்ல ஒரே நாள்ல நடக்குதுன்னா டபுள் சந்தேகம். நடத்துற சங்கத்துக்கு வயசு என்ன, போன மாநாட்டு கட்டுரைகள் எங்க இருக்கு, கமிட்டியில பேரு போட்டிருக்கவங்களுக்கே அது தெரியுமான்னு ஒரு மெயில் போட்டு கேளு. மாணவர்களுக்கு ஃபீஸ் கம்மி இருக்கும், பயணத்துக்கு உதவித்தொகையும் சில சங்கங்கள் தரும், கேட்டாதான் கிடைக்கும். நானும் ஒருக்கா இப்படி ஒரு மெயிலுக்கு மயங்கி சூட்கேஸ் வாங்கிட்டேன், நல்லவேளை அதோட போச்சு, சூட்கேஸ் இன்னும் பரண்ல இருக்கு.

கேள்வி (பாசி எடுக்கிற அக்கா, சின்னப்பாலம்): 2025ல தனுஷ்கோடி கரையெல்லாம் ஜவ்வரிசி மாதிரி வெள்ளையா ஒதுங்குச்சே, அது என்ன, அதுக்கு யாரு பொறுப்பு?

அக்கா, அது பிளாஸ்டிக் சாமான் செய்யுற மூலப்பொருள், உருக்குறதுக்கு முன்னாடி இப்படி உருண்டையாத்தான் கப்பல்ல மூட்டை மூட்டையா போகும். 2025 மே 25ல கொச்சிக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3ன்னு ஒரு கப்பல் மூழ்குச்சு, அதுல இருந்து கொட்டுனது நீரோட்டத்துல குமரிய சுத்தி வந்துச்சு. 2021ல கொழும்பு பக்கம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிஞ்சப்பவும் இதே உருண்டைதான் இலங்கை கரையில கொட்டிக்கிடந்துச்சு. அதுக்கு பிறகு லண்டன்ல இருக்கிற உலக கப்பல் அமைப்பு கூடிக் கூடி பேசி 2024ல, இத நல்ல பேக்கிங்ல வைங்க, கன்டெய்னர் மேல எழுதுங்க, மேல்தளத்துல ஏத்தாம உள்ள வைங்கன்னு சொல்லிச்சு. அது பரிந்துரைதான், சட்டம் இல்ல. பிளாஸ்டிக்குக்கே ஒரு உலக ஒப்பந்தம் போடலாம்னு 2025 ஆகஸ்ட்ல ஜெனீவால கூடுனாங்க, முடிவு இல்லாம எந்திரிச்சு போனாங்க. மணல்ல கலந்தத சல்லடை வச்சு சலிச்சு பொறுக்கத்தான் வேண்டியிருக்கு, நீங்க பாக்குற வேலைய விட கொடுமையான வேலை அது. உங்க ஊரு லட்சுமி அக்கா 2015ல, தீவுச் சூழல காப்பாத்துறவங்களுக்கு குடுக்குற சீகாலஜி விருது வாங்க அமெரிக்கா வரைக்கும் போனாங்கல்ல, இந்த மாதிரி கூட்டத்துக்கும் உங்கள்ல ஒருத்தர கூப்பிட்டு உக்காரவைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

கேள்வி (நாட்டுப்படகு மீனவர், மூக்கையூர்): கடல பத்தி பேசுறவங்க எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்குறாங்களா?

கேட்ட கதை ஒண்ணு சொல்றேன். காத்தே இல்லாம, வானம் பளிச்சுன்னு இருக்கிற நாள்ல திடீர்னு கடல் ஏறி வீட்டுக்குள்ள வரும், அதுக்கு கேரளா மீனவங்க வச்ச பேரு கள்ளக்கடல், திருடன் மாதிரி வர்றதால. ரொம்ப தூரத்துல, தெக்க இந்தியப் பெருங்கடலோட அடிமுனையில வீசுற புயல்ல கிளம்புன அலை நாள்கணக்குல ஓடிவந்து இங்க ஏறுறதுதான் அது. 2012ல யுனெஸ்கோ அந்த சொல்ல அப்படியே அறிவியல் சொல்லா ஏத்துக்கிச்சு. ஜப்பான் மீனவங்க சொல்லு சுனாமி ஆச்சு, மலையாள மீனவங்க சொல்லு கள்ளக்கடல் ஆச்சு, நம்மகிட்ட நீரோட்டத்துக்கு நீவாடு, காத்துக்கு கச்சான், கொண்டல், சோழகம்னு எவ்ளோ கிடக்கு.

கேக்காத கதையும் ஒண்ணு இருக்கு, நானே பக்கத்துல உக்காந்து பாத்தது. சில வருஷம் முன்னாடி நம்ம ஜில்லாவுலயே ஒரு கருத்தரங்கு, யாரு நடத்துனாங்கன்னு சொல்லல. வெளிநாட்டுல இருந்தும் ஆளு வந்திருந்தாங்க, மீனவ பிரதிநிதிங்கன்னு நாலு பேர கூட்டிட்டு வந்து கடைசி வரிசையில உக்காரவச்சு ஆளுக்கு ஒரு ஃபைலும் பேனாவும் குடுத்தாங்க. பூராம் இங்கிலீஷ். திரையில தென்கடல் மேப்பு, நீலத்துல ஆழம், பச்சையில பவளப்பாறை. என் பக்கத்துல இருந்த பெரியவரு, எழுபது இருக்கும், கண்ண சுருக்கி பாத்துட்டே இருந்தாரு, அப்புறம் என் தொடைய தட்டி மெல்ல, "அப்பு, அந்த பச்சை தப்பு, பார் அங்க இல்ல, இன்னும் கெழக்க கெடக்கு, அவுக காட்டுற எடத்துல வெறும் சேறு, நங்கூரமே நிக்காது"ன்னாரு. எந்திரிச்சு சொல்லுங்கய்யான்னேன். "எனக்கு மைக்கு பழக்கமில்ல"ன்னுட்டாரு. கேள்வி நேரம்னு பத்து நிமிஷம் குடுத்தாங்க, ரெண்டு பேராசிரியருங்க ஒருத்தர ஒருத்தர் பாராட்டி முடிச்சிட்டாங்க. அவரு சட்டைப்பையில இருந்த சாப்பாட்டு டோக்கன திருப்பி, குடுத்த புது பேனாவால தீவு, பார், வாய்க்கால், எந்த மாசம் நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும்னு வரைஞ்சு என்கிட்ட குடுத்தாரு. நான் அத டைரிக்குள்ள வச்சிட்டேன். சாப்பாட்டு கவுன்டர்ல டோக்கன் இல்லாம அவருக்கு பிரியாணி தரமாட்டேன்னுட்டாங்க, என் டோக்கன குடுத்துட்டு நான் வெளிய போயி புரோட்டா சாப்ட்டேன்.