வீட்டு ரவுட்டரில் அலுமினியம் வெட்டுவது: கேட்டவையும் சொன்னவையும்

பகலில் கோவையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் விஎம்சி (பெரிய கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்) ஓட்டுகிறேன். ராத்திரியில் மொட்டை மாடி அறையில் நானே கட்டிய 6040 ரவுட்டர் (60×40 செ.மீ. பரப்பில் கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சின்ன மெஷின்). இரண்டு பக்கத்துக் கஷ்டமும் தெரியும் என்பதால்தான் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்டேன். கேட்பதற்கு முன் மூன்று விவரம் எழுதுங்கள்: ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் மோட்டார்) என்ன, டூல் என்ன, அலுமினியம் என்ன கிரேடு. அது இல்லாமல் ‘ஃபீட் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஃபீட் என்பது டூல் நிமிஷத்துக்கு எத்தனை மி.மீ. நகர்கிறது என்பது.

கேள்வி: 6040 மெஷின், 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், 6 மி.மீ. நாலு ஃப்ளூட் (நாலு பல், நடுவில் சீவல் போகும் காடி) கார்பைடு எண்ட்மில். மரத்துக்கு வைத்த 24,000 ஆர்பிஎம்மிலேயே விட்டு, பயந்து ஃபீடை 300க்குக் குறைத்தேன். பத்து நிமிஷத்தில் டூல் அலுமினியக் கட்டியாகி ஒடிந்துவிட்டது. ஃபீடை இன்னும் குறைக்கட்டுமா?

குறைக்காதீர்கள். குறைத்ததால்தான் ஒடிந்தது.

கணக்குப் போடுங்கள். 24,000ஐ நாலால் பெருக்கினால் நிமிஷத்துக்கு 96,000 கடி. 300 மி.மீ.யை அதால் வகுத்தால் ஒரு கடிக்கு 0.003 மி.மீ., அதாவது மூன்று மைக்ரான். அவ்வளவு மெல்லிசாக எந்த முனையும் சீவாது, தேய்க்கத்தான் செய்யும். தேய்த்தால் சூடு. சூடானால் அலுமினியம் உருகுவதற்கு வெகு முன்பே இளகி முனையில் அப்பும். அப்பியதன் மேல் இன்னும் அப்பும், ஃப்ளூட் அடைக்கும், அடுத்த சீவலுக்குப் போக வழியில்லை, டூல் படக்கென்று போகும்.

நாலு ஃப்ளூட்டை டப்பாவில் போடுங்கள். ஒற்றை ஃப்ளூட் வாங்கி 18,000 ஆர்பிஎம் வையுங்கள். ஒரு கடிக்கு 0.03 என்றால் 540 ஃபீட். மெஷின் திடமாக இருந்தால் 0.05, அதாவது 900. முழு அகலத்தில் காடி வெட்டும்போது ஆழம் 0.5 மி.மீ.யில் ஆரம்பியுங்கள், சத்தம் சுத்தமாக இருந்தால் கூட்டலாம். நேராகக் குத்தி இறக்க வேண்டாம், சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று டிகிரி சரிவில் இறக்குங்கள்.

அடாப்டிவ் பாதை (டூல் எப்போதும் பக்கவாட்டில் கொஞ்சமாகவே கடிக்கும்படி போகும் பாதை) போடத் தெரிந்தால் இன்னும் நல்லது. பக்கவாட்டில் 0.6 மட்டும் கடித்து, ஆழம் 4 மி.மீ. வரை எடுக்கலாம். பக்கவாட்டுக் கடி டூல் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கானால் சீவலின் கனம் நீங்கள் போட்ட கணக்கில் அறுபது சதவீதம்தான் வரும். அந்தக் குறையை ஈடுகட்ட ஃபீடை ஒன்றரை மடங்குக்கு மேலேயே ஏற்ற வேண்டும்.

விரலில் எடுத்துப் பாருங்கள். மினுங்கும் சீவல் வந்தால் வெட்டுகிறது. சாம்பல் நிறத் தூள் வந்தால் தேய்க்கிறது, உடனே நிறுத்துங்கள்.

அப்புறம், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் செருப்பு போடாத ஊர் நம் ஊர். அலுமினியச் சீவல் குதிகாலில் ஏறினால் வெளிச்சத்தில்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: ஏன் ஒற்றை ஃப்ளூட்? இரண்டு ஃப்ளூட் இன்னும் வேகமாக வெட்டாதா?

விஎம்சியில் வெட்டும், அங்கே நான் மூன்று ஃப்ளூட்டே போடுகிறேன். நம் ரவுட்டரில் டூலைப் பிடிக்கும் கோலட்டில் ரன் அவுட் (டூல் மையம் விலகிச் சுழல்வது) 0.03 இருப்பது சாதாரணம். இரண்டு ஃப்ளூட் டூலில் ஒரு பல் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாகக் கடிக்கும், இன்னொன்று சும்மா உரசிக்கொண்டு வரும். ஒற்றைப் பல்லுக்கு அந்தச் சண்டையே இல்லை, வெட்டும் அகலம் மட்டும் துளி கூடும். சீவல் வெளியேறவும் இடம் அதிகம்.

கேள்வி: அப்பின அலுமினியத்தோடு மூன்று டூல் கிடக்கிறது. தூக்கிப் போடுவதா?

கோட்டிங் இல்லாத கார்பைடு என்றால் வேண்டாம். காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டால் அலுமினியம் நுரைத்துக் கரைந்துவிடும், கார்பைடு அப்படியே நிற்கும். வருவது ஹைட்ரஜன், அதனால் திறந்த வெளியில், பிளாஸ்டிக் டப்பாவில், மூடி போடாமல். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய அலுமினியம். வெட்ட வெட்டச் சூயிங் கம் மாதிரி வருகிறது.

ஜன்னல் செக்‌ஷனாக இருக்கும். கடைக்காரர் மொழியில் எச்இ9, அதாவது 6063, மிருதுவானது. பாத்திரத் தகடு அதைவிட மோசம். எச்இ30, அதாவது 6082, டி6 (சூடேற்றிக் கடினமாக்கிய) பதத்தில் கேட்டு வாங்குங்கள். 6061 டி6 கிடைத்தாலும் சரிதான். பழகுகிற காலத்தில் எடைக்குக் கிடைத்ததை வெட்டி, மிச்சம் பிடித்த காசை டூல் கடையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கறுப்பு ஊதாவில் பளபளவென்று ஒரு கோட்டிங் டூல் சல்லிசாகக் கிடைக்கிறது.

அது பெரும்பாலும் எஃகுக்கான கோட்டிங், அதிலேயே அலுமினியம் இருக்கும். அப்புவதற்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. கோட்டிங்கே இல்லாத, பாலிஷ் போட்ட ஃப்ளூட் போதும். காசு இருந்தால் டிஎல்சி (வைரம் மாதிரியான கார்பன் பூச்சு).

கேள்வி: ஃபீட் எவ்வளவு வைக்கலாம்?

முதல் பத்தி.

கேள்வி: வேகம் மாற்ற முடியாத 30,000 ஆர்பிஎம் டிரிம்மர்தான் (மரத்தின் ஓரம் சீவும் கை மெஷின்) என் ஸ்பிண்டில்.

6 மி.மீ. டூலில் முனை வேகம் நிமிஷத்துக்கு 565 மீட்டர் ஆகிறது, வீட்டு மெஷினுக்கு அதிகம். 3 மி.மீ. போட்டால் 283தான். ஆனால் 3 மி.மீ. டூலின் திடம் 6 மி.மீ. டூலுடையதில் பதினாறில் ஒரு பங்குதான். கோலட்டுக்கு வெளியே எவ்வளவு குட்டையாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு குட்டையாகப் பிடியுங்கள். 30 மி.மீ. நீட்டலை 20 ஆக்கினால் வளைவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும்.

கேள்வி: பட்டறையில் எல்லாரும் மண்ணெண்ணெய் விடுகிறார்கள். ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடிக்கலாமா?

பிரஷ்ஷில் தொட்டுத் தடவலாம், ஸ்பிரே வேண்டாம். டிரிம்மரிலும் 3018 (30×18 செ.மீ. சின்ன ரவுட்டர்) மோட்டாரிலும் கார்பன் பிரஷ் உண்டு, ஓடும்போது உள்ளே பொறி பறந்துகொண்டே இருக்கும். பனி மாதிரி மிதக்கும் மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் அதன் காற்றுத் துளை வழியாக உள்ளே போனால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒருவர் மாடியில் மெஷினோடு திரைச்சீலையும் போனது. காற்றுக் குழாய் ஒன்றை டூல் முனைக்கு நேரே கட்டிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். சீவல் கன்ட்ரோலர் போர்டு பக்கம் பறக்காமல் மூடி வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், செருப்பு.

கேள்வி: 3018ல் 2 மி.மீ. தகடு வெட்ட முடியுமா? ஃபீட் எவ்வளவு?

முடியும், பொறுமை வேண்டும். 3 மி.மீ. ஒற்றை ஃப்ளூட், 10,000 ஆர்பிஎம், 200 ஃபீட், ஒரு தடவைக்கு 0.1 ஆழம்.

கேள்வி: லேசரில் அலுமினியத்தில் பெயர் பொறிக்க?

என் துறை இல்லை.

கேள்வி: ஐடிஐயில் முப்பது வருஷம் மில்லிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் படங்களில் டவுன் மில்லிங் (வெட்டும் பல்லும் துண்டும் ஒரே திசையில் போவது; எதிரெதிராகப் போனால் அப் மில்லிங்) போகிறது. டேபிளை இழுத்துக்கொண்டு கட்டர் ஏறும் என்று முதல் வாரமே பையன்களிடம் சொல்வோம். அப் மில்லிங்தானே பாதுகாப்பு?

வணக்கம் மாஸ்டர். உங்கள் மெஷினுக்கு நீங்கள் சொல்வது சரி. டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் பிளே (திருகுக்கும் நட்டுக்கும் இடையே தளர்ச்சி) இருந்தால் டவுன் மில்லிங் டேபிளை இழுக்கும். என்னுடையது பால் ஸ்க்ரூ, குண்டுகள் மேல் ஓடும் திருகு, பிளே மிகக் குறைவு. அப் மில்லிங்கில் பல் பூஜ்யக் கனத்தில் ஆரம்பிக்கிறது, கடிப்பதற்கு முன் உரசுகிறது. அலுமினியத்தில் அந்த உரசல்தான் எமன். டவுன் மில்லிங்கில் முதலில் கனமாகக் கடித்து மெல்லிசாக முடிகிறது.

கேள்வி: (நடுவில் ஒருவர்) நான் வாங்கியது அப் கட் பிட். அப்போ டவுன் மில்லிங் செய்யக் கூடாதா?

இரண்டும் வேறு. அப் கட் பிட் என்றால் சீவலை மேலே தள்ளும் முறுக்கு, அலுமினியத்துக்கு அதுதான் வேண்டும். அப் மில்லிங் என்பது டூல் எந்தத் திசையில் நகர்கிறது என்பது. ஒன்று கடையில் வாங்குவது, இன்னொன்று கேமில் (டூல் பாதை போடும் சாஃப்ட்வேர்) டிக் பண்ணுவது. ஆனால் அப் கட் பிட் மெல்லிய தகட்டையும் தூக்கும், நன்றாக இறுக்குங்கள்.

கேள்வி: (மாஸ்டர்) உங்களுக்குப் பால் ஸ்க்ரூ. கேட்கிற பையன்களுக்கு? வளைகிற மெஷினில் டவுன் மில்லிங் அளவைக் கெடுக்காதா?

வளைகிற மெஷினில்தான் டவுன் நல்லது மாஸ்டர். டூல் சுவரை விட்டு விலகி வளையும், ஜாப் (வெட்டும் துண்டு) கொஞ்சம் பெரிதாக நிற்கும், இன்னொரு தரம் ஓட்டினால் அளவுக்கு வரும். அப் மில்லிங்கில் டூல் சுவருக்குள் இழுத்துக்கொள்ளும். ஜாப் சிறிதானால் ஒட்டவைக்க முடியுமா?

கேள்வி: (மாஸ்டர்) வளைவு வேறு, பிளே வேறு. பிளே எவ்வளவு என்று அளக்கச் சொன்னீர்களா?

சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான். ஒரு கடிக்கு 0.03 என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, 0.1 பிளே உள்ள மெஷினில் டவுன் ஓட்டச் சொன்னால் ஒரே இழுப்பில் மூன்று கடி சேர்த்துக் கடிக்கும். பால் ஸ்க்ரூ இல்லாதவர்கள் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒரே பக்கம் 0.1, 0.1 என்று நகர்த்தி முள் ஒழுங்காக ஏறியதும் திசையைத் திருப்பி, முள் அசையாமல் போகும் தூரத்தைக் குறியுங்கள். பெட் அலுமினியம் என்றால் கேஜைத் தாங்கும் காந்த பேஸ் ஒட்டாது, ஒரு இரும்புப் பட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி அதன் மேல் வையுங்கள். 0.03க்கு மேல் வந்தால் மாஸ்டர் சொன்னபடி அப் மில்லிங்கில் ரஃப் (முதல் முரட்டு வெட்டு) எடுங்கள். சுவரில் 0.2 விட்டு வையுங்கள், உள்ளே இழுத்தாலும் அந்த 0.2 காப்பாற்றும்.

கேள்வி: இப்போதுதான் வந்தேன். எச்இ30, 6 மி.மீ. ஒற்றை ஃப்ளூட், 2.2 கிலோவாட் ஸ்பிண்டில். ஃபீட் எவ்வளவு?

பிளே எவ்வளவு?