எப்போதும் அரசியல் பேசும் பெண்ணை எதில் சேர்ப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டு போன சனிக்கிழமை வந்திருந்தீர்கள். மதிப்பெண் பட்டியலை ஜெராக்ஸ் எடுக்க நீங்கள் கீழே இறங்கிய நேரத்தில் உங்கள் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "50 சதவீதத்துக்கு மேல் இடஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் தமிழ்நாட்டில் 69 எப்படி நிற்கிறது, சார்?" 'வீட்டில் எப்போதும் அரசியல்தான்' என்று நீங்கள் அலுத்துக்கொண்டது இதைத்தான் என்றால், இது சட்டம் படிக்க வேண்டிய பெண்ணின் கேள்வி.

கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் பழைய வகுப்புவாரி உத்தரவை அவளுக்குச் சொன்னேன். பதினான்கு கல்லூரி இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்கள், பிராமணர், அரிஜனங்கள் (உத்தரவின் சொல்) ஆகியோருக்குத் தலா 2, கிறிஸ்தவர்-ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த உத்தரவால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று செண்பகம் துரைராஜன் என்ற பெண் தொடுத்த வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இங்கே போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவு பிறந்தது. இதில் வேடிக்கை, செண்பகம் அந்த மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. அதைக் கேட்டதும்தான் உங்கள் பெண் நோட்டைத் திறந்தாள்.

69-ம் அப்படித்தான். மண்டல் குழு பரிந்துரைத்த இடஒதுக்கீடு பற்றிய வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் தந்த மண்டல் தீர்ப்பு 50-இல் கோடு போட்டது. இங்கே எந்தக் கட்சி ஆண்டாலும் கைவைக்கத் துணியாத விஷயம் 69. 1993-இல் சட்டசபை தனிச்சட்டம் இயற்றியது, 1994-இல் 76-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில், அதாவது நீதிமன்றம் கைவைக்காதபடி சட்டங்களைக் காக்கும் பட்டியலில், ஏற்றியது. ஆனால் 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அங்கே சேர்ந்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007-இல் தீர்ப்பு வந்தது.

ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி. இவளுக்குப் பொருந்தும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் (CLAT) நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும். இப்போதே தினமும் ஆங்கில நாளிதழ் வாசிக்கட்டும். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண் பார்ப்பார்கள். பட்டப்படிப்பு முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி. சேரவும் வழி உண்டு.

வருமானத்தை மறைக்க மாட்டேன். படித்து முடித்து ஒரு சீனியர் வக்கீலிடம் சேர்ந்தால் முதல் சில வருடம் கிடைப்பது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கும் 2025 தீர்ப்புக்குப் பிறகு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். அதுவரை நீங்கள் தாங்க முடியுமா என்பதை மட்டும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

வரும் சனிக்கிழமை அவளைத் தனியாக அனுப்புங்கள். செண்பகம் தீர்ப்பு சில பக்கங்கள்தான், அச்செடுத்து வைத்திருக்கிறேன்.