கன்வர்டிபிளின் துணிக்கூரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என்னிடம் 1994 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது, கூரையை மடித்துத் திறக்கிற கன்வர்டிபிள் கார். வினைல் கூரை மடிகிற இடங்களிலெல்லாம் வெடித்துவிட்டது. பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளடித்துப் போனதால் பின்னால் வரும் வண்டி சரியாகத் தெரிவதில்லை. மழை பெய்தால் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. புதுக்கூரை வாங்கி நானே மாட்டலாமா, தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லதா? ஸ்பேனர் பிடித்துப் பழக்கமுண்டு. தையல் தெரியாது.

க.

அன்புள்ள க.,

உங்கள் வண்டிக்கு நீங்களே மாட்டலாம். தையல் தெரியாதது ஒரு குறையே இல்லை. கூரை முழுக்கத் தைத்து, ஜன்னலோடு சேர்த்தேதான் வரும்.

ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சீட்டுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் கிழிசல் வழியாகத்தான் வருகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். எம்எக்ஸ்-5இல் கூரையின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு ஓடுகிறது. கூரையில் வழியும் மழையைப் பிடித்து, இரண்டு பக்கமும் உள்ள வடிகால் குழாய்களுக்கு அனுப்புவது அதன் வேலை. குழாயில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் திரும்பி உள்ளேதான் வரும். அப்படியிருக்கும்போது புதுக்கூரை போட்டாலும் தரை நனையத்தான் செய்யும். இரண்டு குழாயிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காருக்கு அடியில் தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். அடைப்பு இருந்தால் வளையக்கூடிய பிளாஸ்டிக் நரம்பு விட்டு எடுங்கள். கம்பியால் குத்தினால் குழாய் கிழியும். ஜன்னல் கண்ணாடிகளைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் அப்போதே பார்த்துவிடலாம். அது இறுகிப் போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இனி கூரை. இந்த வேலையில் கஷ்டமான பாதி கழற்றுவதுதான். மாட்டுவது அதற்குப் பிறகு தானாக வரும் என்றே சொல்வேன். பின்விளிம்பை அழுத்திப் பிடித்திருக்கும் பட்டைகளின் நட்டுகள் 10 மி.மீ. அவற்றில் சில மூலைக்குள், கை நுழையச் சிரமப்படும் இடத்தில் இருக்கின்றன. அதற்கப்புறம், கூரையைத் தாங்கி மடியும் சட்டத்தோடு அதைச் சேர்த்திருக்கும் ரிவெட்டுகளை டிரில் போட்டு எடுக்க வேண்டும். மேலே சொன்ன பிளாஸ்டிக் தகடு இத்தனை வருஷத்தில் உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் உடைந்துவிடும். அதனால் புதிய தகடு ஒன்றைக் கூரையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் கார் திறந்து கிடக்க, ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

ஒவ்வொன்றையும் கழற்றும்போது போட்டோ எடுங்கள். பழைய கூரையைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்களுக்கு வரைபடம். பக்கவாட்டில், துணிக்குள் ஓடும் இரண்டு மெல்லிய கேபிள்கள் எங்கே நுழைந்து எங்கே கொக்கியில் மாட்டுகின்றன என்பதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கதவுக்கு மேலே துணி படபடக்காமல் இருப்பது அந்தக் கேபிள்களால்தான். புதுக்கூரையை நீளவாக்கில் இரண்டாக மடித்து நடுவில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். சட்டத்திலும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். இரண்டும் பொருந்திய பிறகுதான் முன்விளிம்பில் பசை தடவ வேண்டும். நடு கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் சுருக்கம் விழும், அதைப் பிறகு இழுத்துச் சரிசெய்ய முடியாது.

மாட்டும் நாள் வெயில் நாளாக இருக்கட்டும். சூடேறிய வினைல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், குளிரில் அது அசையாது. முதல் தடவை முன்பக்கத்துக் கொக்கியைப் பூட்டும்போது கூரை குட்டையாகிவிட்டதோ என்று பயம் வரும். ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பூட்டினால் பூட்டிவிடும். பிறகு சில நாள் திறக்காமல் விடுங்கள், துணி படிந்துகொள்ளும். துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். முதல் தடவை செய்கிறவர்கள் ஒரு சனி, ஞாயிறு முழுவதையும் ஒதுக்கிவைப்பது நல்லது.

இதே கேள்வியைப் பட்டனை அழுத்தினால் தானே மடியும் கூரை வைத்திருப்பவர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அதில் ஹைட்ராலிக் சிலிண்டர், சென்சார், சுவிட்சு என்று ஒன்றையொன்று நம்பி ஓடும் பல உறுப்புகள் உண்டு. ஒன்று இடம் மாறினால் கூரை பாதியில் நின்றுவிடும், விரல் சிக்கினால் நசுங்கும். பழைய பெரிய கன்வர்டிபிள்களும் அப்படித்தான். அவற்றில் துணியை இழுத்து இழுத்து ஸ்டேப்பிள் அடித்துப் பொருத்த வேண்டும், எவ்வளவு இழுப்பது என்பது பல கூரை போட்ட கைக்குத்தான் தெரியும். அங்கே கொடுக்கும் கூலி முழுக்க நியாயமானது. உங்கள் காரில் இருப்பது கையால் மடக்கும் எளிய சட்டம்.

கழற்றிப் பார்த்து, மாட்டத் தைரியம் வரவில்லையென்றால் சட்டத்தோடு கூரையை போல்ட் கழற்றி வெளியே எடுத்து, அதை மட்டும் கூரை மாற்றுபவரிடம் கொடுத்துப் பொருத்தி வாங்கலாம். நேரடியாக அவரிடமே விடுவதானால், எம்எக்ஸ்-5 கூரை முன்பு மாற்றியிருக்கிறாரா, பின்பக்கத்துத் தகட்டையும் மாற்றுவாரா, ஒழுகினால் மறுபடி பார்ப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்குகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஜன்னல் விஷயத்தில் என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5க்கான கண்ணாடி ஜன்னல் கூரை உங்கள் சட்டத்திலும் உட்காரும். கண்ணாடி மஞ்சளாகாது, கூரையை இறக்குமுன் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறக்கும் வேலையும் இல்லை. நீங்கள் அதையே வாங்குங்கள்.