மணிமேகலையை நான் சாகவிடவில்லை

கேள்வி: அடுத்தவர் படைத்த கதாபாத்திரங்களை வைத்து ரசிகர் புனைவு எழுதுவதும், நண்பர்களோடு பாத்திரமேற்று எழுத்திலேயே விளையாடுவதும் நல்ல பொழுதுபோக்குகளா? சொந்தமாக எழுத வராதவர்கள் செய்யும் வேலை என்று வீட்டில் சொல்கிறார்களே?

இருபது ஆண்டுகளாக இரண்டையும் செய்துவருகிறேன். உங்கள் வீட்டார் சொல்வது தவறு.

எனக்கு ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். எட்டாம் வகுப்பு படிக்கும்போது நூலகத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக எடுத்துவந்து கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தேன். ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தில், கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலை இறந்துபோகிறாள். எனக்குத் தாங்கவில்லை. அன்று இரவே கணக்கு நோட்டின் பின்பக்கங்களில், அவள் பிழைத்து எழுந்து கதாநாயகன் வந்தியத்தேவனை மணந்துகொள்வதாக எழுதினேன். பதினொரு பக்கம் வந்தது. இதற்கு ரசிகர் புனைவு என்று பெயர் இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

பக்கத்து இருக்கைத் தோழி அதைப் படித்துவிட்டு, “கல்யாணம் நன்றாக இருக்கிறது. ஆனால் இவள் மணிமேகலை இல்லை, நீ” என்றாள். இன்றுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் சிறந்தது. ஐந்து பாகங்களையும் மறுபடி எடுத்துவந்து, மணிமேகலை வரும் இடங்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டேன். கண்ணாடியில் வந்தியத்தேவன் முகத்தைப் பார்த்து மயங்குகிற, கலகலப்பான பெண்ணாகத்தான் முதலில் தெரிகிறாள். பிறகு, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும், வந்தியத்தேவனைக் காப்பாற்ற அந்தப் பழியைத் தானே ஏற்றுக்கொள்ளத் துணிகிறாள். அவன் மனம் சோழ இளவரசி குந்தவையிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இப்படிச் செய்பவள், இரக்கப்பட்டு ஒருவன் கட்டும் தாலிக்குக் கழுத்தை நீட்டுவாளா? மாட்டாள். நான் எழுதிய கல்யாணம் அவளுக்கு நான் செய்த அவமரியாதை. அதைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவது முறை எழுதியபோது அவள் பிழைத்தாள், மணக்கவில்லை; கடம்பூரிலேயே மூப்படைந்தாள்.

கடம்பூர் எங்கள் மாவட்டத்து ஊர்தான். கதை தொடங்கும் வீராணம் ஏரியும் இங்கேதான். கல்லூரியில் படிக்கும்போது காட்டுமன்னார்கோயில் வழியாக மேலக்கடம்பூர் போய், தேர் வடிவில் சக்கரங்களோடு செதுக்கிய சிவன் கோயிலைப் பார்த்தேன். முதியவளான மணிமேகலை அதன் படியில் உட்கார்ந்திருப்பதாக ஒரு காட்சி எழுதினேன். அந்தக் கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது, அவள் காலத்துக்கு ஏறக்குறைய நூறாண்டு பிந்தியது என்று பிறகுதான் படித்தேன். மனசில்லாமல் அந்தக் காட்சியை நீக்கினேன். வேலை இதுதான். சொந்தக் கதையில் பாத்திரம் தடம் மாறிப் பேசினாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. இரவல் பாத்திரத்தை உங்களைவிட நன்றாகத் தெரிந்த வாசகர்கள் இருக்கிறார்கள். ஒரு சொல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். உரையாடல் எழுதப் பழக இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தவர் பாத்திரத்தைத் தொடுவது எழுத்தாகாது என்பவர்களிடம் எங்கள் ஊரில் பிறந்தவர் ஒருவரைக் காட்டுவேன். புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டு திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். 1943இல் வந்த அவருடைய ‘சாபவிமோசனம்’ கதையில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். ராமாயணம் எழுதாமல் விட்ட ஓர் அறைக்குள் புகுந்து விளக்கேற்றிய கதை அது. பாரதி புதுச்சேரியில் இருந்தபோது பாஞ்சாலியை எடுத்துக்கொண்டார். ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாகவே எழுதப்பட்டது. இவர்களுக்குப் பக்கத்தில் என் நோட்டை வைக்கவில்லை. ஆசை ஒன்றுதான் என்கிறேன்: நேசித்த ஒருவருக்கு அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டும்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. அவற்றைத் தொடர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள்வரை நீடிக்கிறது. அந்த வரம்புக்குள் இருப்பவர்களின் பாத்திரங்களை எழுதினால், மூலம் யாருடையது என்று சொல்லி இலவசமாகப் பகிருங்கள்; விற்காதீர்கள். வாழும் நடிகர் நடிகையரை ஜோடி சேர்த்து எழுதுவதை நான் செய்வதில்லை. பாத்திரத்துக்கு வலிக்காது, மனிதருக்கு வலிக்கும்.

பாத்திரமேற்று விளையாடுவதை நான் கற்றது கணினியில் இல்லை, கூத்தில். பாட்டியை நாங்கள் ஆயா என்போம்; ஆயா வீடு பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். பகலில் பலாப்பழம் ஏற்றி இறக்கும் ஒருவர் இரவில் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு துரியோதனனாகத் திரைக்குப் பின்னால் வந்து நிற்பார். கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியக்காரன் அவரைப் பார்த்து, நீங்கள் யார், எந்த நாடு, எதற்காக வந்தீர்கள் என்று கேட்பான். அந்தக் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதிலில்தான் ராஜா பிறப்பார். பாட்டு ஏற்கெனவே உள்ளது. இடையில் வரும் பேச்சில் பாதி அந்த நேரத்தில் பிறப்பது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. விளையாட்டை நடத்துபவர் கேட்கிறார், மற்றவர்கள் தத்தம் பாத்திரமாக நின்று பதில் சொல்கிறார்கள், முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருட்டுகிறார்கள். கட்டியக்காரனிடம் பகடை இல்லை, அவ்வளவுதான்.

2020 ஊரடங்கில் நாங்கள் நால்வர் தொடங்கிய விளையாட்டு இன்னும் நடக்கிறது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் பெரியம்மா மகன், அதாவது என் அண்ணன், அதை நடத்துகிறார். களம் 1750களின் புதுச்சேரியும் கடலூரும். அங்கே பிரெஞ்சுக்காரர், இங்கே தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர். 1736 முதல் 1761 வரை நீளும், பிரெஞ்சுக்காரரின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான் எங்களுக்கு மூலம். சரக்கு விலை, வதந்தி, கெட்ட சகுனம், யார் யாரிடம் கோபமாக இருக்கிறார்கள் என்பதுவரை அதில் கிடைக்கிறது. என் பாத்திரம் தேவனாம்பட்டினத்துப் படகோட்டியின் மகள். இரண்டு பக்கத்துக்கும் கடிதம் கொண்டுபோகிறாள். ஆளுக்கு ஒரு முறை, ஒரு முறைக்கு ஒரு பத்தி, வாரத்தில் மூன்று இரவு.

ஒருமுறை என் படகுக்காரி துபாஷின் எழுத்தரிடம் ஒரு கடிதத்தை நம்பி ஒப்படைத்தாள். எழுத்தர் பாத்திரத்தை எழுதும் தோழி அதைப் பிரித்துப் படித்து ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டாள். ஒரு மாதமாக நான் மனதில் கட்டிவைத்திருந்த கதை ஒரே பத்தியில் இடிந்தது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அண்ணன் தொலைபேசியில், “யாருக்குக் கோபம்? உனக்கா, படகுக்காரிக்கா?” என்று கேட்டார். படகுக்காரிக்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கோபத்தை அவளுக்கே கொடுத்து எழுதினேன். ஐந்து ஆண்டுகளில் நான் எழுதியவற்றில் அதுவே நல்ல பத்தி. தனியாக எழுதியிருந்தால் அந்தத் துரோகம் எனக்குத் தோன்றியிருக்காது. இந்த விளையாட்டின் பெரிய கொடை இதுதான்: நான் எதிர்பார்க்காத பதிலைச் சொல்ல எதிரில் இன்னொரு மனம் இருக்கிறது.

அதனால் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. இன்னொருவர் பாத்திரம் என்ன செய்தது, என்ன நினைத்தது என்று நாம் எழுதக் கூடாது. வாளை வீசலாம், வெட்டுப் பட்டதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். எதை எழுதினால் யாருக்குத் தாங்காது என்பதையும் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். நீங்கள் பள்ளி மாணவர் என்றால் நேரில் தெரிந்தவர்களோடு மட்டும் விளையாடுங்கள். பாத்திரத்தின் பெயரில் உங்கள் ஊரையும் படத்தையும் கேட்பவரிடம் பதிலே சொல்லாமல் வெளியேறிவிட்டு, வீட்டில் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் கதையில் இப்போது 1760 டிசம்பர். தேவனாம்பட்டினம் கோட்டை 1758இலேயே பிரெஞ்சுக்காரரிடம் விழுந்துவிட்டது. இப்போது ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறார்கள். உள்ளே சோற்றுக்குத் தட்டுப்பாடு. 1761 ஜனவரி முதல் நாள் பெரும் புயல் வந்து ஆங்கிலேயரின் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்ததும், அப்படியும் அந்த மாதமே நகரம் சரணடைந்ததும் வரலாறு. பகடையால் அதை மாற்றக் கூடாது என்று முதல் நாளே ஒப்புக்கொண்டோம். புயல் வருவது எங்கள் நால்வருக்கும் தெரியும், படகுக்காரிக்குத் தெரியாது. அவளுடைய படகு இப்போது புதுச்சேரிக் கரையில் கிடக்கிறது.

2011 டிசம்பர் 30 விடியலில் ‘தானே’ புயல் எங்கள் ஊரில் கரையேறியபோது நான் வீட்டில் இருந்தேன். ஓடு ஒவ்வொன்றாகப் பறக்கும் சத்தம், கதவை அப்பாவோடு சேர்ந்து முதுகால் அழுத்திப் பிடித்தது, மறுநாள் ஆயா ஊருக்குப் போகும் வழியெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த முந்திரியும் பலாவும், ஒடிந்த பச்சைக் கிளைகளின் வாடை. இதையெல்லாம் எழுத இத்தனை ஆண்டுகளாக எனக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று இரவு என் முறை. முதலில் வாடையிலிருந்து தொடங்கப்போகிறேன்.