குளோரின் வாசனை தூக்கலா இருந்தா தண்ணி சுத்தம்னு யாருங்க சொன்னது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்க டல்லாஸ்ல ஒரு அபார்ட்மென்ட்ல இருக்கோம், கம்யூனிட்டி பூல் பக்கத்துலயே ஹாட் டப் (வெந்நித் தொட்டி) இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் ஹஸ்பண்டும் ரொம்ப நேரம் அதுல உக்காந்திருந்தோம், ஞாயித்துக்கிழமை காலைல பாத்தா ரெண்டு பேருக்கும் இடுப்பு, தொடை, முதுகுனு சிவப்பு சிவப்பா பொரிப்பொரியா கிளம்பிருச்சு, ஒரே அரிப்பு, அதுவும் ஸ்விம்சூட் மூடியிருந்த இடத்துலதான் ஜாஸ்தி. பொண்ணு பூல்ல மட்டும்தான் இறங்கினா, அவளுக்கு ஒண்ணுமே இல்ல. லீசிங் ஆபீஸ்ல (அபார்ட்மென்ட்டை வாடகைக்கு விட்டுப் பாத்துக்கறவங்க) கேட்டா உங்களுக்கு குளோரின் அலர்ஜியா இருக்கும், நாங்க கெமிக்கல் எல்லாம் நிறையவே போடுறோம்ங்கறாங்க. நிஜமா?
– ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே மாதிரி அலர்ஜி வருமாம்மா? லீசிங் ஆபீஸ்காரங்க வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருக்காங்க. நீங்க எழுதினதைப் பாத்தா இது கெமிக்கல் கூடினதால வந்த மாதிரி தெரியல, குறைஞ்சதால வந்த மாதிரிதான் இருக்கு. சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா, வெதுவெதுன்னு தண்ணி கிடைச்சா அதுக்குக் கொண்டாட்டம், குளோரின் கொஞ்சம் இறங்கினதும் பெருகி நம்ம மயிர்க்கால்ல போய் உக்காந்துக்கும், ஈர ஸ்விம்சூட் அந்தத் தண்ணிய தோலோட ஒட்டியே வச்சிருக்கறதால அதுக்கு அடியில அதிகமா வரும். சில மணி நேரத்துலயும் வரலாம், ரெண்டு மூணு நாள் கழிச்சும் வரலாம். கிட்ட வச்சுப் பாருங்க, பொரிக்கு நடுவுல ஒரு முடி இருக்கும், சிலதுல சீழ் முனையும் இருக்கும். பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்ல தானா அடங்கிடும். வீட்ல கிடக்கற ஏதோ ஸ்டீராய்டு க்ரீமை மட்டும் எடுத்து அப்பிடாதீங்க. காய்ச்சல் வந்தாலோ, பரவிட்டே போனாலோ, சுகர் இருக்கறவங்களா இருந்தாலோ டாக்டர்கிட்ட காட்டிடுங்க, காட்டும்போது ஹாட் டப்ல இறங்கினதை மறக்காம சொல்லுங்க.

கெமிக்கலால வர்ற எரிச்சலோட லட்சணமே வேற. தண்ணில இருக்கும்போதோ வெளிய வந்த கொஞ்ச நேரத்துலயோ ஆரம்பிச்சிடும், தண்ணி பட்ட இடமெல்லாம் வறண்டு இழுத்துப் பிடிக்கும், எரியும், கண்ணும் சேந்து சிவக்கும். குளோரினுக்குப் பதிலா ப்ரோமின் போடற டப்லயும் சிலருக்கு இப்படி அரிக்கும். இன்னொண்ணு, தண்ணில சேந்த அழுக்கை ஒரேயடியா அடிக்க நான்-குளோரின் ஷாக்னு பொட்டாசியம் பெராக்ஸிமோனோசல்ஃபேட்டை கொட்டுவாங்க, அதுக்கு நிஜமாவே அலர்ஜி ஆகறவங்க உண்டு, அது உடனே தெரியாம ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு எக்ஸிமா (அரிப்போட வர்ற தோல் அழற்சி) மாதிரி கிளம்பும், அதைக் கண்டுபிடிக்க ஸ்கின் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் (அந்தப் பொருளைத் தோல்ல ஒட்டிவச்சுப் பாக்கறது) எடுக்கணும். வெந்நி சூட்டுக்கே தடிச்சு ஒரு மணி நேரத்துல மறையற ஆளுங்களும் இருக்காங்க, அது வெறும் சூட்டு தடிப்பு.

ஹாட் டப்ல ஏன் இவ்வளவு வம்புன்னா, தண்ணி கொஞ்சம், ஆளு ஜாஸ்தி, சூட்டுல குளோரின் சீக்கிரம் செத்துடும், போதாக்குறைக்கு தண்ணியைப் பீச்சற ஜெட்டு வேற கலக்கிட்டே இருக்கும். அதனாலதான் பூலுக்கு குறைஞ்சது 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) குளோரின் போதும்ங்கற அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி, ஹாட் டப்புக்கு 3 கேக்குது, ப்ரோமின்னா 4. தண்ணியோட அமிலம்-காரத்தைக் காட்டற பிஹெச் 7லேர்ந்து 7.8க்குள்ள இருக்கணும், அது 8ஐத் தொட்டுச்சுன்னா போட்ட குளோரின்ல கால்வாசிதான் கிருமியை அடிக்கற உருவத்துல இருக்கும், மீதி சும்மா மிதக்கும். வால்மார்ட்ல டெஸ்ட் ஸ்ட்ரிப் கிடைக்கும், டப்பா மேல போட்டிருக்கற நேரத்துக்கு தண்ணில முக்கி எடுத்து, பக்கத்துல இருக்கற கலரோட ஒப்பிட்டுப் பாருங்க, இறங்கறதுக்கு முன்னாடி. அந்த ஸ்ட்ரிப்பை ஒரு போட்டோ எடுத்துட்டு லீசிங் ஆபீஸ்ல போய், கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்க, என்ன ரீடிங் வந்துச்சுன்னு கேளுங்க. அப்பவும் மழுப்பினா உங்க ஊர் ஹெல்த் டிபார்ட்மென்ட்ல எழுதிப் போடுங்க.

கேள்வி: நான் ஸ்கார்பரோவில இருக்கிறன். எங்கட கொண்டோவில உள்ளுக்குள்ளேயே ஹொட் டப் இருக்கு. கதவைத் திறந்த உடனேயே குளோரின் மணம் மூக்கில அடிக்கும், அப்ப தண்ணி நல்ல சுத்தம் எண்டுதான் நினைச்சனான். ஆனா கொஞ்ச நேரம் இருந்தாலே இருமல் வருது, நெஞ்சு இறுகுது, எனக்கு சின்ன வயசில ஆஸ்துமா இருந்தது. மூட்டு நோவுக்கு நல்லம் எண்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறனான், அவவுக்கும் கண் எரியுதாம். தொடர்ந்து போகலாமோ?
– ஒரு வாசகர், கனடா

பதில்: அந்த வாடை போற வரைக்கும் போகாதீங்க, அம்மாவையும் கூட்டிட்டுப் போகாதீங்க. நல்லா பராமரிக்கற டப்ல அப்படி மூக்கைத் துளைக்கற வாடை வராது. குளோரின் நம்ம வேர்வை, சிறுநீர், க்ரீம் இதோடெல்லாம் சேந்தா குளோரமைன்னு ஒண்ணா மாறிடும், நீங்க மோந்து பாத்தது அதைத்தான், அதாவது ஏற்கெனவே வேலை பாத்து ஓய்ஞ்ச குளோரின். அதுல ட்ரைகுளோரமைன்ங்கறது தண்ணில தங்காம காத்துல ஏறிடும், ஜெட்டு ஓடும்போது இன்னும் ஜாஸ்தியா. காத்தைவிட கனம்ங்கறதால தண்ணி மட்டத்துக்கு மேலயே தேங்கி நிக்கும், டப்ல உக்காந்தா நம்ம மூக்கு எங்க இருக்கும்? சரியா அங்கதான். கண்ணு, தொண்டை, மூச்சுக்குழாய் எல்லாத்தையும் அது உறுத்தும், ஆஸ்துமா இருந்தவங்களுக்கு இழுப்பே வந்துடும்.

மேனேஜ்மென்ட்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. மொத்த குளோரின் எவ்வளவு, அதுல ஃப்ரீ குளோரின், அதாவது இன்னும் வேலை செய்ய மிச்சமிருக்கறது, எவ்வளவு? ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த குளோரமைன், 0.4 பிபிஎம்முக்கு மேல போனா தண்ணியை மாத்தவோ ஷாக் பண்ணவோ வேண்டியதுதான். அடுத்தது, அந்த ரூமுக்கு வெளிக்காத்து வருதா? குளிர்காலத்துல ஹீட்டிங் பில்லுக்குப் பயந்து உள்ளிருக்கற காத்தையே சுத்த விட்டா என்ன கெமிக்கல் போட்டும் பிரயோசனமில்ல. நெஞ்சு இறுகினா அப்பவே எழுந்து வெளிக்காத்துக்கு வந்துடுங்க, டாக்டர் குடுத்த பஃப் (இன்ஹேலர்) இருந்தா எடுங்க, அடங்கலைன்னா எமர்ஜென்சிக்குப் போங்க.

இன்னொண்ணும் சொல்லணும், பயமுறுத்தறதுக்கு இல்ல. வெளிய வந்ததும் அடங்கற இருமல் கெமிக்கலோடது. ஆனா ரெண்டு நாள்லேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், உடம்பு வலி, மூச்சுத்திணறல்னு வந்தா லீஜியோனெல்லாங்கற பாக்டீரியாவால வர்ற நிமோனியாவா இருக்கலாம், அம்பது தாண்டினவங்களுக்கு ஆபத்து ஜாஸ்தி. 1999 பிப்ரவரில நெதர்லாந்துல போவன்கார்ஸ்பெல்ங்கற ஊர்ல ஒரு பூக்கண்காட்சி, விற்பனைக்காக ஹாட் டப்பை ஓடவிட்டு வச்சிருந்தாங்க, அதுல யாரும் இறங்கிக் குளிக்கல, பூப் பாக்க வந்தவங்க அந்தப் பக்கமா நடந்து போனாங்க, அவ்வளவுதான். குறைஞ்சது 32 பேர் செத்துப்போனாங்க. கண்ணுக்குத் தெரியாத சாரல்லயே கிருமி போயிருக்கு. டப் பழக்கமா போறவங்களுக்கு வாரக்கணக்குல இருமலும் மூச்சு வாங்கலும் நிக்காம இருந்தா ஹாட் டப் லங்னே ஒரு நுரையீரல் நோய் இருக்கு, அது வேற கிருமி, அதையும் டாக்டர் யோசிக்கணும்னா நீங்க டப் கதையைச் சொன்னாதான் முடியும்.

கேள்வி: கொடைக்கானல் ரிசார்ட் ஒண்ணுல ரூம் போட்டிருக்கோம், ஜக்கூசி (ஜெட் வச்ச வெந்நித் தொட்டி) இருக்காம். நாலு வயசுப் பையனையும் இறக்கலாமா சார்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அஞ்சு வயசுக்குக் கீழ வேண்டாம் தம்பி, அந்தச் சூடு சின்னப் பசங்க உடம்புக்கு ஒத்துக்காது, தண்ணியையும் குடிச்சுடுவாங்க. பெரியவங்களுக்கே 40 டிகிரி செல்சியஸ்தான் உச்சம். பொது ஜக்கூசியா இருந்தா இறங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஷவர்ல நின்னு உடம்பைக் கழுவிடுங்க, முக்கியமா தலைக்கு எண்ணெய் வச்சுட்டு இறங்காதீங்க, நம்ம ஊர்ல இது நிறைய நடக்குது, அந்த எண்ணெயோட மல்லுக்கட்டறதுலயே குளோரின் தீந்துடும். ரூமுக்குள்ள இருக்கறதுன்னா ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணிதானேன்னு நினைப்பீங்க, ஆனா ஜெட் பைப்புக்குள்ள முன்னாடி தங்கினவங்களோட தண்ணி தேங்கி வழவழன்னு படிஞ்சிருக்கும். ரிசப்ஷன்ல பைப்பை எப்ப கிளீன் பண்ணீங்கன்னு கேளுங்க, முழிச்சாங்கன்னா ஜெட்டைப் போடாம வெறும் தொட்டியா நிரப்பிக் குளிச்சுட்டு வாங்க.